டேலி தெரிந்தால் போதுமா?

பி.காம். படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் வரும் முதல் கேள்வி, "டேலி முடிச்சிட்டியாப்பா?" என்பதுதான். அருப்புக்கோட்டை நூல் கடையோ, ஜவுளிக் கடையோ, ஆடிட்டர் ஆபீஸோ, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு வேலை கிடைக்க அது ஒன்று போதும் என்று ஒரு நம்பிக்கை.

இன்னொரு பக்கம், கல்லூரிகளில் தலைமைப் பண்பு பற்றிக் கருத்தரங்கம் நடக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது நாளைக்கே பத்துப் பேரை வழிநடத்தப் போகிற மாதிரி இருக்கும். ஆனால் நூல் கடையின் கணக்கு மேசையில் உட்காரப் போகிறவனுக்கு 'தலைமை' என்றால் என்ன? அதை யாரும் சொல்வதில்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில் டேலியின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்பவர் நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் சப்ளை செய்துவந்த வியாபாரி. தன் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத்தையே எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் அப்படித்தான் அது பிறந்தது. மில் கணக்கின் சிக்கல் தெரிந்தவர் வீட்டிலிருந்து வந்த மென்பொருள் அது. நாம் அந்தச் சிக்கலை விட்டுவிட்டு, எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் படிக்கிறோம்.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. சில மாதங்களில் செயற்கை நூலுக்கு வரி 12 சதவீதம் என்று ஆனது. அதில் நெய்த துணிக்கு 5 சதவீதம்தான். விசைத்தறி வைத்திருப்பவர் ஒரு லட்ச ரூபாய்க்கு நூல் வாங்கினால் 12,000 ரூபாய் வரி கட்டுகிறார். துணியை ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் வசூலிக்கும் வரி 7,500. மீதி 4,500 ரூபாய் அவர் பெயரில் தேங்கி நிற்கும். மாதா மாதம் இப்படியே சேரும். துணிக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தர முடியாது என்றுதான் முதலில் அரசு சொன்னது. பிறகு, 2018 ஆகஸ்ட் 1 முதல் வாங்கும் சரக்குக்கு ரீஃபண்ட் கேட்கலாம் என்று மாற்றியது. அதற்கும் இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மென்பொருள் 4,500 என்று சரியாகக் காட்டிவிடும். "முதலாளி, இது நம்ம பணம், கேட்டு வாங்கலாம்" என்று தானாக வந்து சொல்லாது. அறிவிப்பைப் படித்து, புரிந்துகொண்டு, போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நாலு தறி ஓட்டும் சின்ன முதலாளிக்கு அந்தப் பணம் அடுத்த மாத நூல் வாங்கும் காசு. என்னைப் பொறுத்தவரை, போய்ச் சொல்கிற அந்த ஆள்தான் அந்தக் கடையில் தலைவன். சம்பளப் பட்டியலில் அவன் பெயர் கடைசியில் இருக்கலாம்.

இந்த விதியும் நிலைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை நூலுக்கும் வரி 5 சதவீதமாகிவிட்டது. இடையில் இ-இன்வாய்ஸ் வந்தது. 2020-இல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை இறங்கிவிட்டது. சதவீதத்தை மனப்பாடம் செய்தவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். வரி ஏன் தேங்குகிறது என்று புரிந்தவருக்கு ஒரு மாலை நேரம் போதும். நம்மூர் கரிசல் சம்சாரிக்கு இது புதிதல்ல. மழை தள்ளிப் போனால் விதையை மாற்றுவார், மண் தெரிந்ததால்தான் மாற்ற முடிகிறது.

அடுத்தது, பழைய கணக்குப்பிள்ளைகள். கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். யார் பொங்கலுக்குப் பிறகுதான் பணம் தருவார், யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்பதெல்லாம் பேரேட்டை விட அவர்கள் தலைக்குள் பத்திரமாக இருக்கும். இருபத்தொரு வயதில் போய் "அண்ணாச்சி, நகருங்க" என்று சொல்வது சுலபம். "அண்ணாச்சி, இந்த பில்லை நான் போடுறேன், பார்ட்டியைப் பத்தி நீங்க சொல்லுங்க" என்று கேட்டால் இரண்டு பேருமே வளர்வார்கள்.

சிவகாசியை நினைத்துப் பாருங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் திரும்பினார்கள். கற்றது அவர்களோடு நின்றிருந்தால் இரண்டு குடும்பம் பிழைத்திருக்கும், அவ்வளவுதான். ஊரே அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதால் வறண்ட ஒரு வட்டாரத்துக்கே பிழைப்பு வந்தது.

"இதெல்லாம் சரி, கற்றுக்கொண்டால் கடைக்காரர் சம்பளம் கூட்டித் தருவாரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல இடங்களில் தர மாட்டார். வேலையைத்தான் கூட்டுவார்! அதனால்தான் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஆளை அரைச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு "பசங்க நிக்க மாட்டேங்கிறாங்க" என்று புலம்பும் முதலாளிகளும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். அங்கே வேலை நிச்சயம் வரும். கேட் அருகே டோக்கன் வாங்கி உள்ளே போகிறவர்களாக மட்டும் நம் பகுதிப் பிள்ளைகள் இருப்பார்களா, கணக்கையும் சட்டத்தையும் எடுத்துச் சொல்லி முடிவெடுக்கிற மேசையிலும் உட்காருவார்களா?

டேலி அவசியம் படியுங்கள். அதோடு மாதம் ஒரு ஜி.எஸ்.டி. அறிவிப்பையாவது முழுதாகப் படித்து, புரிந்ததைப் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கு நம் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவனுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.