விசுவாசம் வந்த பிறகுதான் ஜெபமா?



என் மனைவி நோயில் படுத்திருந்த மாதங்களில் இரவும் பகலும் ஜெபித்தேன். அவள் பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு கேட்டிருக்கலாம், சார்" என்றார். அந்த வார்த்தை பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகு மாற்கு 9ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். நோயாளி மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், தன் அவிசுவாசம் நீங்கவும் உதவி கேட்கிறான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை; பிள்ளையைக் குணமாக்கினார். கெத்செமனேயிலோ இயேசுவே மூன்று முறை ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்வோமா?

30 ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவன் நான். எழுதத் தெரிந்த பிறகு எந்தப் பிள்ளையும் சிலேட்டை எடுப்பதில்லை. எழுதி எழுதித்தான் கை பழகும். ஜெபமும் அப்படித்தான். அவள் போன பிறகும் விடியற்காலையில் வழக்கம்போல் முழங்கால் போட்டேன். முதலில் வார்த்தையே வரவில்லை, கோபம்தான் வந்தது. அதையும் அவரிடமே சொன்னேன். சொல்லச் சொல்ல, கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி மெல்ல வந்தது. கேட்டது கிடைத்ததால் வந்த விசுவாசம் அல்ல அது.

ஆகவே, துக்க வீட்டில் யாருடைய விசுவாசத்தையும் அளக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். அது போதும்.