மேல் வீட்டைக் குறை சொல்லும் முன்

மழைக்காலம் முடிந்து நவராத்திரி நெருங்கும்போது மும்பையில் நம்மவர் வீடுகளில் இரண்டு பேச்சுகள் நடக்கும். ஒன்று, கொலுவுக்கு யார் யாரை அழைப்பது. மற்றொன்று, சீலிங்கில் படர்ந்திருக்கும் ஈரக்கறைக்கு யார் பொறுப்பு. இரண்டாவது பேச்சு முற்றிவிட்டால் முதல் பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் டிப்ளமா படித்து, ரயில்வேயில் சிவில் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸ் ஒழுகல், பிளாட்பாரக் கூரை ஒழுகல், மலைப்பாதைச் சுரங்கத்தில் கசிவு என்று பாதி வாழ்நாளைத் தண்ணீரோடு மல்லுக்கட்டியே கழித்தேன். ஆகவே செம்பூரில் என் மூன்றாம் மாடி வீட்டு ஹாலில், விளக்குப் பாயிண்ட் அருகே சொட்டத் தொடங்கியதும் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "மேலே அண்ணாச்சி வீட்டு பாத்ரூம் தரை போய்விட்டது!"

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் வளர்ந்து, கடை வைத்து முன்னுக்கு வந்து, செம்பூரில் பிளாட் வாங்கியவர். அப்போது அவர் மகள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. "சார், நீங்க எஞ்சினீயர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மறுபேச்சில்லாமல் தரையை உடைத்தார். டைல்ஸ், அதன் கீழிருந்த கோபா எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, வாட்டர்புரூஃபிங் செய்து, புதுத் தரை போட்டார். மூன்று வாரம் அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தது. செலவு முழுவதும் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம்.

சொட்டு நிற்கவில்லை. "வேலை சரியாகச் செய்யவில்லை" என்றேன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரு மாடி மேலிருந்து கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது.

உண்மை தற்செயலாகத்தான் தெரிந்தது. மொட்டை மாடித் தொட்டியைக் கழுவிப் பூசுவதற்காக இரண்டு நாள் காலியாக வைத்தார்கள். எல்லோரும் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் குளித்தோம். மேல் வீட்டிலும் குளித்தார்கள், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஆனால் என் ஹாலில் சொட்டு நின்றுவிட்டது! தொட்டி நிரம்பிய மறுநாள் மீண்டும் சொட்டியது. தரைதான் ஒழுகுகிறது என்றால் பக்கெட் தண்ணீருக்கும் ஒழுகத்தானே வேண்டும்? டக்டில் ஆள் இறக்கிப் பார்த்தோம். சொசைட்டியின் பொது டவுன்டேக் குழாய் ஒரு ஜாயிண்டில் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் சுவரில் இறங்கி, ஸ்லாபுக்குள் மின்வயர் போகும் பைப் வழியாக என் விளக்குக்கு வந்திருந்தது.

சுரங்கத்தில் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஊற்று இருக்க வேண்டியதில்லை. பாறை வெடிப்பில் எங்கோ நுழைந்து எங்கோ வெளிவரும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது. என் வீட்டில் மறந்துவிட்டேன். சுரங்கத்துக்கு மேல் குறை சொல்ல ஒரு வீட்டுக்காரர் இல்லையே! அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார். என்னால் விட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்பர்களே, வீடு ஒழுகினால் "யார்?" என்று கேட்கும் முன் "எப்போது?" என்று கேளுங்கள். விளக்கு, ஃபேன் அருகே ஈரம் என்றால் முதலில் அந்த மின்இணைப்பை நிறுத்துங்கள். பிறகு பத்து நாள் ஒரு நோட்டில் நேரத்தைக் குறியுங்கள். மழையில் மட்டும் என்றால் மொட்டை மாடி, வெளிச்சுவர், ஜன்னல் ஓரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரவு பகல், மழை வெயில் பாராமல் சொட்டினால் தண்ணீர் வரும் குழாய் மீது சந்தேகம். குளித்த பிறகு மட்டும் என்றால் பாத்ரூம் தரை, அல்லது நஹானி டிராப் ஜாயிண்ட்.

அடுத்தது சோதனை. வால்வை மூடிப் பாருங்கள். சொட்டு குறைந்தால் குழாய்தான். இல்லையென்றால் நஹானி டிராப்பைத் துணியால் அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை தண்ணீர் கட்டி, அதில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைத்து ஒரு நாள் விடுங்கள். கீழே நிறம் வந்தால் தரை. வராமல், அடைப்பை எடுத்த பிறகு வந்தால் கழிவுக் குழாய். ஒரு சமயத்தில் ஒரு சோதனைதான் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் ஒன்றும் விளங்காது. இதற்கெல்லாம் ஆகும் செலவு, உடைத்த தரையை மறுபடி போடும் செலவில் ஒரு சிறு துளி.

இனி நம் சொசைட்டிகளைப் பற்றி. மகாராஷ்டிர மாதிரி விதிகளின்படி மழைநீர்க் கசிவும், வெளிப்புறப் பொதுக் குழாய்க் கசிவும் சொசைட்டியின் செலவு. பட்டியலில் இல்லாத பழுதுகள் உறுப்பினர் செலவு. ஆனால் எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் யார் செலவு என்று எப்படிச் சொல்வது? பல கமிட்டிகள் "நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று கைகழுவிவிடுகின்றன. எங்கள் கமிட்டியும் அப்படித்தான் சொன்னது. இது தவறு. பழுதுபார்க்கும் செலவு யாருடையதாகவும் இருக்கட்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பது சொசைட்டியின் வேலை என்பது என் கருத்து.

இரண்டு வீட்டுச் சண்டைக்கு மற்றவர்கள் ஏன் பணம் தரவேண்டும் என்று கேட்பீர்கள். ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பி எல்லோருக்கும் சொந்தம். ஈரம் பட்டால் அது துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற ஊரில், 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் நீச்சல்குளத் தளத்தில் வாட்டர்புரூஃபிங் கெட்டு கான்கிரீட் பழுதாகிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக்கொடுத்தார். பெரும் செலவு பற்றிய விவாதத்திலேயே காலம் கழிந்தது. 2021 ஜூன் 24 அன்று கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை கையில் இருந்தும் வேலை தள்ளிப்போனது என்பதுதான் பாடம்.

தாராவிச் சாலிலிருந்து மறுவாழ்வுத் திட்டக் கட்டடங்களுக்குக் குடியேறிய நம்மவர் பலர், இன்னொருவர் குளியலறைக்குக் கீழே வாழ்வது இதுவே முதல் தடவை. மாடுங்காவில் 1969-க்கு முற்பட்ட, செஸ் கட்டும் கட்டடங்களில் இருப்பவர்கள் ம்ஹாடாவின் பழுதுபார்ப்பு வாரியத்திடம் எழுத்தில் புகார் தந்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

நம் தமிழன்பர்கள் பலர் செகரட்டரியாகவும் பொருளாளராகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டிய ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஒழுகல் புகார் வந்தால் சோதனைச் செலவை முதலில் சொசைட்டியின் பழுதுபார்ப்பு நிதி ஏற்க வேண்டும். முடிவு எழுத்தில் வரும்வரை யார் வீட்டுத் தரையையும் உடைக்கக் கூடாது. அதற்குப் பிறகு பொறுப்பானவர் செலவைத் தரட்டும். கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம் அந்த நிதிக்காகத்தானே வசூலிக்க வேண்டும்?

சென்ற நவராத்திரிக்கு அண்ணாச்சி வீட்டம்மா எங்கள் கொலுவுக்கு வந்தார். அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் நாங்கள் போகவில்லை. அதை இனி எந்த வாட்டர்புரூஃபிங்காலும் சரிசெய்ய முடியாது. உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு நாள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.