ஜன்னலுக்கு வெளியே யானை

காட்டைப் பார்க்க இரண்டு வழிகள். விலங்கைத் தேடி அலைவது ஒன்று. விலங்கு வரும் இடத்தில் கட்டில் போட்டுக் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதை உலகப் புகழ் பெறச் செய்தது கென்யாவின் ட்ரீடாப்ஸ் விடுதி. 1932இல் ஆபர்டேர் காட்டில், அத்தி மரம் ஒன்றின்மேல் இரண்டே அறைகளுடன் எழுந்தது. கீழே நீர்நிலை. தூங்காமல் இருப்பதற்காக மக்கள் பணம் கொடுத்துத் தங்கினார்கள்.

நமக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1947இல் நைனிதாலை விட்டுக் கென்யாவின் நியேரியில் குடியேறியவர் ஜிம் கார்பெட். குமாவுன் மக்களின் பழைய நண்பரான அவர், 1952 பிப்ரவரி 5 இரவு அந்த மரத்தில் துப்பாக்கியுடன் காவல் இருந்தார். விருந்தாளி இளவரசி எலிசபெத். அந்த இரவு முடிவதற்குள் இங்கிலாந்தில் அவருடைய தந்தை இறந்துபோனார். 1954இல், மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில், விடுதி எரிக்கப்பட்டது. 1957இல் எதிர்க்கரையில் இன்னும் பெரிதாக எழுந்தது.

பயணிகளின் பார்வையில் படுவதற்காக அங்கே உப்பும் போட்டார்கள். யானைகள் கூடின, சுற்றியிருந்த மரங்களை ஒடித்துத் தின்றன. காட்டைப் பார்க்கக் கட்டிய மாடத்தின் முன்னால் காடு பின்வாங்கியது. ஆபர்டேருக்கும் கென்யா மலைக்கும் இடையே யானைகள் நடந்த பழைய வழி அது.

தண்ணீர் வைப்பது தர்மம்தானே என்று தோன்றலாம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா வேறு பாடம் சொல்கிறது. அதன் வறண்ட வடபகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகளும் தொட்டிகளும் வந்தன. வரிக்குதிரைகள் தண்ணீரைத் தேடி வந்தன, அவற்றைத் தேடிச் சிங்கங்கள். அங்கிருந்த அரிய ரோன் மான்கள் 1986இல் சுமார் 450. 1993இல் சுமார் 45. பிறகு நிர்வாகமே பல தொட்டிகளை மூடியது. தாகம் தீர்த்த கை, சமநிலையைக் குலைத்திருந்தது.

நீலகிரியின் சீகூர் பீடபூமியில் விஷயம் இன்னும் நேரடியானது. அங்கு யானை வழித்தடம் என 2010இல் தமிழக அரசு அறிவித்த நிலத்தில் தங்கும் விடுதிகள் இருந்தன. அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றே மாதத்தில், மசினகுடியில் விடுதி ஒன்றின் அருகே வந்த யானைமீது எரியும் துணி வீசப்பட்டது. தீக்காயத்துடன் அது செத்தது. பார்க்க ஆசைப்பட்டு அழைத்த விருந்தாளி, வாசலுக்கே வந்ததும் எதிரியாகிவிட்டது.

அறை பதிவு செய்யும்போது ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்கிறோம். அந்த ஜன்னல் யாருடைய பாதையில் நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். பதில் தெரியாத விடுதியில் தங்காமலிருப்பதே காட்டுக்குச் செய்யும் உபகாரம்.