அந்தப் பொற்காலத்தை யார் பார்த்தார்கள்?

எண்பதுகளின் தூர்தர்ஷன் விளம்பரம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால், கூடவே ஒரு தீர்ப்பும் வருகிறது: அதுவல்லவா தொலைக்காட்சி, இன்று இருப்பதெல்லாம் குப்பை. நிகழ்ச்சிகள் தரமாக இருந்தனவாம், விளம்பரங்களில் கள்ளமில்லையாம், செய்தி வாசிப்பில் கண்ணியம் இருந்ததாம், ஊரே ஒன்றாக உட்கார்ந்து பார்த்ததாம். பழைய மெட்டு காதில் விழுந்ததும் மனம் இளகுவது இயல்பு. அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த இளக்கமே வரலாறாகவும் மாறி, இன்றைய பிள்ளைகளைத் தாழ்த்திப் பேசும் அளவுகோலாகவும் ஆகும்போது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன நான்கில் ஒன்றுகூட ஆதாரத்தின் முன் முழுதாக நிற்பதில்லை.

தரம் என்று வாதிடுபவர்கள் காட்டும் பட்டியல் எப்போதும் ஒன்றுதான்: சங்கர் நாக்கின் ‘மால்குடி டேஸ்’, கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’, ஷ்யாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’. மூன்றும் அருமையான படைப்புகள். ஆனால் 53 பகுதிகளில் முடிந்த பெனகலின் தொடரும், அதைவிடச் சிறிய மற்ற இரண்டும் சேர்ந்து பத்தாண்டு ஒளிபரப்பில் எத்தனை மணி நேரத்தை நிரப்பியிருக்கும்? மீதி மாலைகளை நிரப்பிய அடிக்கல் நாட்டு விழாக்களும், அசையாத கேமரா முன் நடந்த உரையாடல்களும், தடங்கலுக்கு வருந்துகிறோம் அட்டைகளும் மறந்துபோயின. பல நேரலை நிகழ்ச்சிகள் பதிவே செய்யப்படவில்லை. பதிவான நாடாக்களிலும் விலை கருதி வேறொன்றை மேலெழுதினார்கள். எஞ்சியது சிறந்ததாகத் தெரிவதற்கு இதுவே பெரிய காரணம். இன்றைய குப்பையையும் நாற்பது ஆண்டு மறதி அரித்துவிட்டால் மிஞ்சுவது நல்லதாகத்தான் இருக்கும். ‘அன்றைய தொடர்கள் இழுக்காமல் முடிந்தன, இன்றைய மெகா தொடர் ஆயிரம் பகுதி ஓடுகிறது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கனம் யாருடைய ரசனையாலும் வந்ததல்ல. ஒரே அலைவரிசையில் பலருக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்ததால் 13 வாரம் என்று அளந்து கொடுத்தார்கள். அளவு தளர்ந்த இடத்தில், 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’ 156 பகுதிகள் ஓடியது. மெகா தொடரின் மூதாதை தூர்தர்ஷன் வீட்டிலேயே பிறந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் மெலிகிறது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் நினைவாக இன்று எல்லோரும் உருகுவது வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படம். இரண்டும் சினிமா, தொலைக்காட்சி தானே உருவாக்கியவை அல்ல. இன்றைய சேனல்கள் சினிமாவைச் சுரண்டிப் பிழைக்கின்றன என்று குறைப்படுகிறவர்கள், தங்கள் ஏக்கமும் அதே சினிமாவைச் சுற்றித்தான் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய ஒளிபரப்பு வந்தது. இரவின் முக்கிய நேரம் டெல்லிக்குப் போயிற்று. இந்தியும் ஆங்கிலமும் அறியாத வீட்டில் பெட்டியை அணைப்பதா, புரியாமல் பார்ப்பதா என்ற தெரிவுதான் மிஞ்சியது. தூர்தர்ஷனின் நிகழ்ச்சிகளை ஆராய அரசே அமைத்த பி.சி. ஜோஷி குழு இந்த டெல்லி மையப் போக்கை அப்போதே கண்டித்தது. தென்கோடிக் கடற்கரை ஊர்களில் ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினியைப் பார்த்தார்கள். ஏங்க வேண்டிய அளவுக்கு நிறைவான காலமாக அது இருந்திருந்தால் மக்கள் அடுத்த நாட்டு அலைவரிசையைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

‘எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம்’ என்ற கூற்றுதான் இவற்றுள் மிகவும் இனிமையானது. அதனாலேயே அதை நிதானமாகச் சோதிக்க வேண்டும். அந்த ‘எல்லோரும்’ யார்? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவை 31.6 சதவீதம். புத்தாயிரம் பிறந்த பிறகும் மூன்றில் ஒரு குடும்பத்துக்குக்கூடப் பெட்டி இல்லையென்றால், எண்பதுகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்குப் பெருமளவில் பெட்டி போய்ச் சேர்ந்தது 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால்தான். அதுவரை ஏராளமானோர் இன்னொருவர் வீட்டுத் திண்ணையிலும் சன்னலோரத்திலும் நின்று, வீட்டுக்காரர் பெட்டியை அணைக்கும்வரை பார்த்தார்கள். யாரை உள்ளே விடுவது, யாரைத் தரையில் உட்கார வைப்பது, யாரை வாசலோடு நிறுத்துவது என்பதைப் பணமும் சாதியும் தீர்மானித்த ஊர்கள் இங்கே குறைவல்ல. கூடி உட்கார்ந்ததில் இன்பமே இல்லை என்று சொல்லவில்லை. அந்த இன்பத்தைப் பெட்டி வைத்திருந்தவர் நினைவுகூர்வதும், சன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர் நினைவுகூர்வதும் ஒன்றாக இருக்க முடியாது. இன்று பரவும் நினைவுகளில் பெரும்பாலானவை முதல் வகையினருடையவை. பற்றாக்குறை சேர்த்து வைத்த கூட்டத்தை ஒற்றுமை என்று சொல்வது, ரேஷன் கடை வரிசையை உறவுக்கூடம் என்பதற்குச் சமம்.

விளம்பரங்களுக்கு வருவோம், கள்ளமின்மை என்ற சொல் அதிகம் தவறாகப் பயன்படுவது இங்கேதான். தூர்தர்ஷனில் விளம்பரம் 1976-இல் நுழைந்தது. எட்டே ஆண்டுகளில் அது நிகழ்ச்சியின் போக்கைத் தீர்மானிக்கும் நிலைக்கு வளர்ந்துவிட்டது. ‘ஹம் லோக்’ மெக்சிகோ முன்மாதிரியைப் பின்பற்றிக் குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தியைச் சொல்வதற்காகத் திட்டமிடப்பட்டது. தொடக்கப் பகுதிகள் ரசிக்கப்படாததால் அந்தச் செய்தி நீர்த்துப்போக, குடும்பக் கதை மேலேறியது. தொடருக்குப் பணம் கொடுத்த மேகி நூடுல்ஸ் சந்தையில் காலூன்றிக்கொண்டது. நடிகர் அசோக் குமார் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வந்து நாட்டுக்கு நல்லது சொன்னார். அதே அசோக் குமார் ஷம்மி கபூருடன் சம்பந்திகளாகக் கூடிப் பேசும் பான் பராக் விளம்பரத்தை இன்றும் பலர் பாசத்தோடு பகிர்கிறார்கள். பான் மசாலாவின் மூலப்பொருளான பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாக வகைப்படுத்தியது. அன்று அது தெரியாமல் செய்ததாகவே இருக்கட்டும். இன்று தெரிந்த பிறகும் கள்ளமற்ற காலத்தின் சின்னமாக அதைக் கொண்டாடலாமா?

ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வரன் அமையாது, வேலை அமையாது, தன்னம்பிக்கையும் அமையாது என்ற பாடத்தைப் பல பத்தாண்டுகள் வரவேற்பறையில் நடத்திய பொருள் அது. மாதர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடின. பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் 2020-இல்தான் நீங்கியது. சாக்லேட், பானம், சத்துமாவு விளம்பரங்களில் மழலை முகங்களை நிறுத்திப் பெற்றோரின் சட்டைப் பையைத் தொட்டதும் அந்தக் காலத்தில்தான். இத்தனை இருந்தும் அவை இனிக்கின்றன என்றால் அதற்குக் காரணம் எளிது. பெரும்பாலோருக்கு வேறு அலைவரிசை கிடையாது, ரிமோட் அரிது, ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது. பாடம் மனப்பாடமானதைப் பாடத்தின் பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஏக்கத்தின் விலையை நிறுவனங்கள் நன்றாக அறியும். தொண்ணூறுகளின் கிரிக்கெட் மைதான விளம்பரத்தைக் கேட்பரி 2021-இல் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி மீண்டும் எடுத்தது. அந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் அதில் விற்பனையானது பார்வையாளரின் இளமை.

செய்தியில் கூச்சல் இல்லை என்பது சரி. எதிர்க்குரலுக்கும் இடமில்லை. அவசரநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம் முடியும் முன்பே திறக்கப்பட்ட நிலையம் சென்னையுடையது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி பகலிலேயே சொல்லிவிட்ட மரணத்தைத் தூர்தர்ஷன் மாலையில்தான் சொன்னது. நாட்டின் பிரதமர் இறந்ததை நாட்டு மக்கள் அயல்நாட்டு வானொலியிலிருந்து அறிந்துகொள்ள வைத்த நிதானத்தைக் கண்ணியம் என்று அழைக்க மனம் ஒப்பவில்லை.

‘அப்படியானால் 2020-இல் எண்பதுகளின் ராமாயணத் தொடரை மறுபடி போட்டபோது ஏன் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்?’ என்று கேட்கலாம். ஏப்ரல் 16 அன்று ஒரு பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்தது, படப்பிடிப்புகள் நின்று எந்தச் சேனலிலும் புதிய பகுதி இல்லை. ஏறத்தாழ எண்பதுகளின் தெரிவின்மை அந்தச் சில வாரங்களுக்குத் திரும்பி வந்தது. பார்வையாளர் எண்ணிக்கையும் திரும்பி வந்தது.

அந்தக் காலத்தில் இழக்கக் கூடாத ஒன்று இருந்தது. எதையும் விற்காத நிகழ்ச்சிகள். உழவருக்கு ‘வயலும் வாழ்வும்’, பிள்ளைகளுக்கு ‘கண்மணிப் பூங்கா’, பார்வையாளர் கடிதங்களுக்கு நிலையமே பதில் சொன்ன ‘எதிரொலி’, 1984-இல் தொடங்கிய பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு. விளம்பரதாரருக்கு இவற்றால் பயனில்லை, பார்ப்பவருக்கு இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏக்கத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை 2024 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் மக்கள் பணத்தில் நடக்கிறது. அந்தப் பொற்காலத்தின் மீது மெய்யான அன்பு உள்ளவர்கள், சென்னை நிலையத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ் நாடாக்களுக்கு முழுமையான பட்டியல் வெளியிட்டு எல்லோருக்கும் திறந்துவிடும்படியும், விளம்பரதாரரை நம்பாத சிறார் நிகழ்ச்சிக்கும் உழவர் நிகழ்ச்சிக்கும் தமிழில் நல்ல நேரம் ஒதுக்கும்படியும் தூர்தர்ஷனுக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். அடுத்த பழைய விளம்பரத்தைப் பகிரும் முன் அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.