ரத்தம் குறைந்ததா... நீர் கூடியதா?

மூன்றாம் மாதத்தில் 12 இருந்த ஹீமோகுளோபின் ஆறாம் மாதத்தில் 10.6 என்று வருகிறது. அவ்வளவுதான், வீடே கலங்கிப் போகிறது! "ஒழுங்காச் சாப்பிட்டால்தானே..." என்று மாமியார் குறைப்படுகிறார். "நம்ம ஜனங்களுக்கே ரத்தம் கம்மிதான் டாக்டர். வெள்ளைக்காரப் பெண்களுக்கு இப்படியா இறங்குது?" என்று கணவர் கேட்கிறார்.

அவர்களுக்கும் இறங்கத்தான் செய்கிறது. காரணத்தைக் கேளுங்கள்.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு பங்கு என்றால், அவை மிதக்கும் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி இன்னொரு பங்கு. கர்ப்ப காலத்தில் பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கும் மேல் கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் 20 முதல் 30 சதவீதம்தான். திடீரென்று நாலு விருந்தாளி வந்துவிட்டால் சாம்பாரில் பருப்பைக் கொஞ்சமும் தண்ணீரை நிறையவும் சேர்ப்பீர்களே, அதே கதைதான். பருப்பு குறையவில்லை. ஆனாலும் கரண்டியில் எடுத்தால் நீர்க்கத் தெரியும்.

இயற்கை இதைக் காரணத்தோடுதான் செய்கிறது. நீர்த்த ரத்தம் நஞ்சுக்கொடியில் சுலபமாக ஓடும். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாய் தாங்குவாள். பிளாஸ்மா சரியாகப் பெருகாத தாய்மாரிடம்தான் ரத்த அழுத்தம் ஏறுவதும், குழந்தை வளர்ச்சி குன்றுவதும் அதிகம் காணப்படுகின்றன.

சரி, இனத்துக்கு இனம் இது மாறுமா? லண்டன் பகுதியில் 1988 முதல் 1991 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை அலசிய ஆய்வு, 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வெள்ளையர், ஆப்பிரிக்கர், இந்திய-பாகிஸ்தானியர் என்று பல இனத்துப் பெண்கள் அதில் இருந்தார்கள். கர்ப்பத்தில் மிகக் குறைந்த அளவாக 9.5 முதல் 10.5 வரை இறங்கியவர்களிடம்தான் எடை குறைந்த குழந்தைகளும் குறைமாதப் பிரசவங்களும் மிகக் குறைவு! 10.5-க்குக் கீழே இறங்காதவர்களிடம் அந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. எல்லா இனத்திலும் இதே போக்குதான். சராசரி அளவு இனத்துக்கு இனம் வேறுபட்டது, விதி வேறுபடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2024-ல், நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் ரத்தசோகை எல்லையை 11-லிருந்து 10.5 ஆகத் தளர்த்தியதே தவிர, இனத்துக்கு ஓர் அளவு என்று வைக்கவில்லை.

"அப்படின்னா மாத்திரையே வேண்டாமா?" என்று கிளம்பிவிடாதீர்கள்! அது இதைவிடப் பெரிய ஆபத்து. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் பெரும்பங்கை இனத்தின் தலையில் கட்ட முடியாது. இரும்புச்சத்துப் பற்றாக்குறை, கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம் என்று தீர்க்கக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. "நம்ம உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிச் சும்மா இருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, நாக்கு, நிறம், விழி என்று எட்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது. ஹீமோகுளோபினுக்கும் அதுவே பொருந்தும். எத்தனையாவது மாதம்? சிவப்பணுவின் பருமன் (அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்று இருக்கும்) குறைந்திருக்கிறதா? ரத்த அழுத்தம் எவ்வளவு? குழந்தை வளர்கிறதா? இவற்றையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அணு சிறுத்திருந்தால் இரும்புப் பஞ்சம் என்று சந்தேகிக்கலாம். அணு சரியாக இருந்து அளவு மட்டும் லேசாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் நீர் கூடியதுதான். 7-க்குக் கீழே போனால் பேச்சே இல்லை, உடனே ஆஸ்பத்திரி!

வீட்டுப் பெரியவர்களுக்குச் சில வார்த்தைகள். கால் வீங்குகிறது என்று பெண்ணின் தண்ணீரைக் குறைக்காதீர்கள். முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலி, கண் மங்கல் இருந்தாலோ உடனே ரத்த அழுத்தம் பாருங்கள். எட்டாம் மாதத்திலும் 13.5 நிற்கிறதே என்று பெருமைப்பட்டு, அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நாலாம் மாதத்திலிருந்து அரசு தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை 180 நாளும் கொடுங்கள்; காபி, டீயோடு வேண்டாம், நெல்லிக்காயோடு கொடுக்கலாம். இதோடு அன்னபேதிச் செந்தூரத்தையும் நீங்களாகவே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் இரும்புதான். எங்கள் மருந்து என்பதற்காக அளவு மீறலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒற்றை எண்ணைப் பார்த்து மருமகளைத் திட்டுவதும் தவறு, இனத்தைப் பழிப்பதும் தவறு. அந்த எண் ஏன் இறங்கியது என்று கேட்கிற குடும்பம்தான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும்.