"நான் டிம்லதான் சார் வர்றேன்!"

கல்யாணம் முடிந்து மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது அந்தக் கார். இரவு மணி ஒன்பதரை. முன்சீட்டில் கணவனும் மனைவியும். பின்சீட்டில் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும். டிக்கியில் பித்தளைப் பாத்திரங்கள், வாழைத்தார், ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை.

எதிரே வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், கிட்டே வந்ததும் லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டிவிட்டுப் போயின.

"ஏம்ப்பா எல்லாரும் நம்மளப் பார்த்து லைட் அடிக்கிறாங்க?" என்று கேட்டாள் மகள்.

"ரோட்டுல எவனுக்கும் மரியாதை தெரியாதும்மா. எல்லாம் ஹை பீம்லயே வர்றானுங்க" என்றார் அப்பா.

நீடாமங்கலம் தாண்டி, வலங்கைமானுக்கு முன்னால் ஒரு வளைவு. எதிரே வந்த பைக் திடீரெனத் தடுமாறியது. தார் ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் இழுத்துக்கொண்டு போய், வாய்க்கால் ஓரத்தில் நின்றது. அப்பா பிரேக் அடித்துவிட்டு இறங்கி ஓடினார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பைக்கில் ஒரு இளைஞர், பின்னால் அவர் மனைவி, நடுவில் இரண்டு வயசுக் குழந்தை.

"லைட்ட எறக்குங்க சார். கண்ணே தெரியல. புள்ளய வச்சிருக்கேன்..." இளைஞருக்குக் குரல் நடுங்கியது.

"தம்பி, நான் டிம்லதான் வர்றேன்! வேணும்னா வந்து பாருங்க."

இளைஞர் காருக்குள் எட்டிப் பார்த்தார். உண்மைதான். நீல நிற ஹை பீம் விளக்கு எரியவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை. இளைஞர் சொன்னதும் பொய்யில்லை.

அப்படியானால் தப்பு எங்கே?

டிம் போட்டால் மட்டும் போதுமா?

இந்தக் கதையில் ஊரை மாற்றிக்கொள்ளலாம், வண்டியை மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் இருவழிச் சாலைகளில் தினமும் இரவில் நடப்பது இதுதான். கண் கூசுகிறது என்றதும், எதிரே வருபவர் வேண்டுமென்றே ஹை பீம் போட்டிருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டிம் போட்டும் கண்ணைப் பறிக்கிற வண்டிகள் ஏராளம். காரணம், அவற்றின் ஹெட்லைட் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல், கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சரியாக வைக்கப்பட்ட டிம் வெளிச்சத்துக்கு மேலே ஒரு கோடு உண்டு. சுவரில் அடித்துப் பார்த்தால் தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், பல கார்களில் இந்தக் கோடு இடதுபுறம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். சாலையோரம் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் தெரியத்தான் இந்த ஏற்பாடு. வலதுபுறம் கோடு தாழ்ந்தே இருக்கும். அது எதிரே வருபவரின் கண்ணுக்குக் கொடுக்கும் மரியாதை.

இந்தக் கோடு முன்னால் போகப் போகத் தரையை நோக்கி இறங்க வேண்டும். பொதுவாக மீட்டருக்கு 1 செ.மீ. என்பது கணக்கு. ஹெட்லைட் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு தரைக்கு மேல் வெறும் 20 செ.மீ.தான் இருக்கும். எதிரே வரும் வண்டியின் டயரில் வெளிச்சம் படும், முகத்தில் படாது.

இப்போது அரிசி மூட்டைக்கு வருவோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான். காரின் பின்பக்கம் ஒரு 4 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர். அப்படியென்றால், மீட்டருக்கு 1 செ.மீ. இறங்க வேண்டிய வெளிச்சம், அரை செ.மீ.க்கும் மேலாக ஏறத் தொடங்கிவிடும். 50 மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு 20 செ.மீ.யில் இருக்காது, 100 செ.மீ. உயரத்துக்குப் போயிருக்கும். கிட்டத்தட்ட எதிரே வருபவரின் முகத்துக்கு நேர்!

பின்னால் அமுங்கியது நான்கே நான்கு சென்டிமீட்டர். அதற்குத்தான் அந்தக் குழந்தை வாய்க்கால் வரைக்கும் போய் வந்தது.

யாரும் தொடாத குமிழ்

காரைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் நம் ஊரில் ஓடும் பல கார்களில், ஸ்டீயரிங்குக்கு அருகே ஒரு சின்னக் குமிழ் அல்லது சக்கரம் வைத்திருக்கிறார்கள். ஹெட்லைட் படமும், 0, 1, 2, 3 என்ற எண்களும் இருக்கும். கார் வாங்கிப் பத்து வருஷம் ஆகியும் அதை ஒருமுறைகூடத் தொடாதவர்கள் உண்டு. ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

எண் கூடக் கூட ஹெட்லைட் கீழே இறங்கும். முன்சீட்டில் மட்டும் ஆட்கள் என்றால் 0. எல்லாச் சீட்டும் நிரம்பினால் 1. அதோடு டிக்கியும் நிரம்பினால் 2. ஓட்டுநர் ஒருவர் மட்டும், பின்னால் முழுச் சுமை என்றால் 3. பெரும்பாலும் இதுதான் கணக்கு. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறலாம் என்பதால், காருடன் கொடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. சில விலை உயர்ந்த கார்களில் இந்த வேலை தானாகவே நடந்துவிடும்.

அன்றைக்கு அந்த அப்பாவின் காரில் குமிழ் 0-வில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

பைக்குக்குக் குமிழ் இல்லை

இருசக்கர வாகனங்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. பின்னால் ஆள் ஏறினாலே முன் லைட் தூக்கிக்கொள்ளும். அதனால் வழக்கமாக மனைவியோடு போகிறவர், பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர், சிலிண்டர் ஏற்றிப் போகிறவர் எல்லோரும், அந்தச் சுமையோடு வண்டியை நிறுத்தித்தான் லைட்டை இறக்கி வைக்க வேண்டும். மெக்கானிக்குக்கு ஸ்குரூ டிரைவரோடு ஐந்து நிமிட வேலை.

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படிதான் வருகிறது. லைட்டை அணைக்க சுவிட்ச் இல்லாத வண்டிகள் பெருகப் பெருக, அந்த லைட் எங்கே பார்க்கிறது என்பது இன்னும் முக்கியமாகிறது.

பல்பை மாற்றினால் எல்லாம் மாறும்

"வெளிச்சம் பத்தலை" என்று கடையில் போய், வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. பல்பை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஹாலஜன் பல்புக்காகச் செய்யப்பட்ட ஹெட்லைட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம், அந்த பல்பின் இழை எந்த இடத்தில் இருக்குமோ, அதற்கேற்ப வளைக்கப்பட்டது. கார்களில் பரவலாக இருக்கும் எச்4 பல்பில், டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு இருக்கும். மேலே போகிற வெளிச்சத்தைத் தடுப்பதே அதன் வேலை. வேறு அமைப்புள்ள பல்பை உள்ளே வைத்தால், வெளிச்சம் வரும். ஆனால் கோடு கலைந்து, நாலாபக்கமும் சிதறலாம்.

ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிவதால் "சூப்பர் லைட்" என்று தோன்றும். எதிரே வருபவருக்கு அது சூரியன். தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. பொருத்தப்பட்ட வண்டிகளின் கதை வேறு. அங்கே மொத்த அமைப்பும் எல்.இ.டி.க்காகவே செய்யப்பட்டது.

அசல் பல்பாகவே இருந்தாலும், கோணலாக மாட்டினால் இதே தொல்லை வரும். பல்பு மாற்றிய அன்றைக்கே சுவரில் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் தூக்கிக்கொண்டிருக்கும் லைட்டைக் கீழே இறக்காது.

கண்ணுக்கு என்ன ஆகிறது?

பளீரென்று வெளிச்சம் பட்டதும் கண்ணின் பாவை சட்டென்று சுருங்கும். ஆனால் விரிய நேரம் எடுக்கும். விழித்திரையும் இருட்டுக்குத் திரும்பப் பழக வேண்டும். அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கும்? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி, 3 நொடியில் 50 மீட்டர் போய்விடும். ஐம்பது மீட்டர் தூரம், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

வயது ஏற ஏற இது இன்னும் கஷ்டம். கண்ணின் லென்ஸ் மங்கத் தொடங்கும்போது, உள்ளே நுழையும் வெளிச்சம் சிதறுகிறது. கண்புரை இருந்தால் ஒவ்வொரு ஹெட்லைட்டைச் சுற்றியும் ஒளிவட்டம் தெரியும். "ராத்திரியில வண்டி ஓட்டப் பிடிக்கல" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், அதைச் சோம்பல் என்று தள்ளாமல் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் வெளிச்சமும் மோதும் இடத்தில், சாலையைக் கடக்கிற ஆள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துபோவார். "எங்கிருந்து வந்தார்னே தெரியல" என்று விபத்துக்குப் பிறகு சொல்வது பல நேரம் உண்மைதான்.

சுவர் இருந்தால் போதும்

வீட்டிலேயே பார்க்கலாம். சமமான தரை, எதிரே ஒரு சுவர், இருட்டியபின் பத்து நிமிடம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். குமிழ் 0-வில் இருக்கட்டும்.

1. வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எந்த உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.

2. வண்டியை நேராக 5 மீட்டர் பின்னால் எடுங்கள்.

3. டிம் லைட் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு, சாக்பீஸ் கோட்டுக்குச் சுமார் 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பல கார்களில் ஹெட்லைட் அருகே 1.0% அல்லது 1.2% என்று பொறித்திருப்பார்கள். 1.2% என்றால் 6 செ.மீ.

4. மேலே இருந்தால், அல்லது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தால், சர்வீஸ் சென்டரில் சொல்லிச் சரிசெய்யுங்கள். அதற்கென்றே கருவி வைத்திருப்பார்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-வது விதிப்படி, 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காத அளவுக்கு முன்விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

எதிரே வெளிச்சம் வந்தால்...

• அதை நேராகப் பார்க்காதீர்கள். பார்வையை இடது ஓர வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள்.

• ஒருமுறை டிப் அடித்துச் சொல்லலாம். பதிலுக்கு ஹை பீம் போட்டுப் பழிவாங்காதீர்கள். ஏற்கெனவே ஒருவருக்குக் கண் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் தெரியாமல் போக வேண்டாம்.

• பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணாடியில் கூசுகிறதா? பல கார்களில் உள்கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டிவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும்.

• முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றுங்கள். அழுக்கும் கீறலும் கூசலைக் கூட்டும்.

• முன்னால் ஒரு வண்டி போகும்போதும் டிம்தான். ஹை பீம் அவர் கண்ணாடி வழியாக அவர் கண்ணுக்கே போகும்.

நான்குவழிச் சாலைகளின் நடுவே வரிசையாக அரளிச்செடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு மட்டுமல்ல, எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைக்கவும்தான். வெயிலைத் தாங்கும், ஆடு மாடு மேயாது. ஆனால் மன்னார்குடி ரோட்டில் அரளிச்செடி கிடையாது. அங்கே இருப்பது டிம் சுவிட்சும், அந்தக் குமிழும், ஓட்டுகிறவரின் கைவிரலும்தான்.

அன்றைக்கு அந்தக் குமிழைக் காட்டிக்கொடுத்ததும் பைக் இளைஞர்தான். வாடகை கார் ஓட்டுகிறவராம். 0-வில் இருந்ததை 2-க்குத் திருப்பினார். எதிரே புளியமரத்தின் நடுவில் அடித்துக்கொண்டிருந்த வெளிச்சம், மெல்ல இறங்கி வேருக்கு வந்தது.

"மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார் அப்பா.

"பரவால்ல சார். பார்த்துப் போங்க."

கும்பகோணம் வருகிற வரைக்கும் மகள் எதிரே வந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இப்ப யாருமே லைட் அடிக்கல" என்றாள்.