கையெழுத்து இல்லாத யோசனை

வலிமாத்திரை மிதமிஞ்சி ஒருவன் சாகக் கிடக்கிறான். இன்னொருவன் அதற்கு அடிமையாகி விட்டான். இரண்டுக்கும் சேர்த்து 'நிகழ்வு' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள், மெக்கின்ஸி என்ற நிர்வாக ஆலோசனை ஸ்தாபனத்தார். ஆக்ஸிகான்டின் மாத்திரை தயாரித்த பர்டூ ஃபார்மா என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 2017-இல் அவர்கள் தயாரித்துக் கொடுத்த யோசனைகளில் ஒன்று இது: மாத்திரையை விற்கும் மருந்துக்கடைக் கம்பெனிகளுக்கும், செலவை ஏற்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் நிகழ்வு ஒன்றுக்கு இவ்வளவு என்று தள்ளுபடி தரலாம். ஒரு கணக்கின்படி நிகழ்வுக்கு 14,810 டாலர். ஒரு மருந்துக்கடைக் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் மட்டும் 2019-இல் 2,484 நிகழ்வுகள் இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணியும் வைத்தார்கள்.

அப்படிப் பணம் எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று பிற்பாடு அந்தக் கம்பெனிகள் சொல்லின. இருக்கட்டும். அந்த 2,484-ஐ டைப் அடித்த கை நடுங்கவில்லையே என்பதுதான் என் பிரச்னை. 'நிகழ்வு' என்ற சொல் இருக்கும்போது கை எதற்கு நடுங்க வேண்டும்?

இதைச் சொன்னபோது நண்பரொருவர், கவிஞர், "பொருளாதாரப் பத்திரிகைக்காரன் பார்த்துக்கொள்வான், நமக்கெதற்கு?" என்றார். படிமம் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறவர் அவர். ஒரு சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதைத் தவிர நமக்கு வேறென்ன வேலை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஜனரஞ்சகத் தொடர்கதைக்காரன் 'காதல்' என்று எழுதினால் போலி என்று பாய்கிறோம். பாய வேண்டியதுதான். ஆனால் அவன் யாரையும் கொல்லவில்லை.

ஆலோசகர்கள் சொற்களில் அலட்சியமானவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1926-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தைப் பின்னாளில் வடித்தெடுத்த மார்வின் பவர் ஒரு வக்கீல். 'கம்பெனி' என்று சொல்லக்கூடாது, கூலி கொடுப்பவர் 'வாடிக்கையாளர்' அல்ல, வக்கீலுக்குக் கட்சிக்காரர் போல என்று திருத்திக்கொண்டே இருந்தவர். வக்கீலின் கௌரவம் வேண்டும்; ஆனால் வக்கீல் கோர்ட்டில் பகிரங்கமாக எழுந்து நிற்கிறானே, அது மட்டும் வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆஜராகக்கூடாது என்ற கூச்சமும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி ஒன்று 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, குறைந்தது 22 மெக்கின்ஸி ஆலோசகர்கள் இந்த ஜாதி வலிமாத்திரை தயாரிப்பவர்களுக்கும் வேலை செய்திருக்கிறார்கள், அந்த மாத்திரைகளைக் கண்காணிக்க வேண்டிய அரசு மருந்து இலாகாவுக்கும் வேலை செய்திருக்கிறார்கள். இலாகாவிடம் இதை ஒழுங்காகத் தெரிவிக்கவும் இல்லை.

நான் பாங்கு குமாஸ்தா. சாயங்காலம் காஷ் கணக்கு முடிக்கையில் ஐநூறு ரூபாய் குறைந்தால் என் பையிலிருந்து போட வேண்டும். நான் பாஸ் செய்யும் ஒவ்வொரு வவுச்சரிலும் என் இனிஷியல் இருக்கிறது. பத்து வருஷம் கழித்தும் கூப்பிட்டுக் கேட்கலாம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், ஏதோ ஆலோசனைக் கம்பெனி அனுப்பியதாம். என் முதுகுக்குப் பின்னால் நின்று ஆளுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். மரியாதையான பிள்ளைகள், காப்பிகூட வாங்கிக்கொள்ளவில்லை. நாலு மாதத்தில் பாஸ்புக் கவுண்டர் போயிற்று. பென்ஷன் வாங்க வரும் கிழவிகள் மெஷின் முன் நின்று யாரையாவது கெஞ்ச வேண்டியதாயிற்று. 'மதிப்புக் குறைந்த தொடர்புகள்' என்று அறிக்கையில் அவர்களுக்குப் பெயராம். யூனியனில் கேட்டோம். "நிபுணர்கள் சொன்னது" என்றது நிர்வாகம். நிபுணர்களோ தாங்கள் யோசனை மட்டுமே சொன்னதாகவும் முடிவெடுத்தது நிர்வாகம் என்றும் சொல்லிவிட்டார்களாம். அறிக்கையை எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. நிர்வாகம் காசு கொடுத்து வாங்கியது யோசனையை என்று நான் நம்பவில்லை. தன் முடிவை வைத்துவிட்டுப் போக ஓர் ஆளில்லாத இடத்தை வாங்கியது.

பர்டூ விஷயத்தில் மெக்கின்ஸி 2021-இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 57.3 கோடி டாலர், 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடுத்த வழக்கில் 65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மூத்த கூட்டாளியாக இருந்த ஒருவருக்கு 2025-இல் ஆறு மாதச் சிறை. அதுவும் ஆவணங்களை அழித்ததற்கு. 'நிகழ்வு' என்று எழுதியதற்காக எவரும் உள்ளே போகவில்லை.

நம் வீட்டிலும் இந்த நோய் இல்லாமலில்லை. பரிசுக் கமிட்டிக்கு ரகசியமாக அபிப்ராயம் எழுதி ஒரு நாவலை ஒழித்துவிட்டு, அதன் ஆசிரியனோடு கூட்டத்தில் தோளில் கைபோட்டுப் பேசும் விமர்சகர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். பெயரில்லாமல்தான்.) நமக்கெதற்கு என்று கேட்ட நண்பரும் எழுதியிருக்கிறார். அவர் இதற்குப் பதில் அனுப்பினால் அடுத்த இதழில் போடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பெயர் போட்டு அனுப்பட்டும்.